அஞ்சற்பெட்டி யாருடையது? கல்முனைக் கரையோரமும் இலவச மின்னஞ்சலும்

கடிதம் வரலாற்றாசிரியனுக்கு வாய்க்கும் மூலச்சான்றுகளுள் தலையாயது என்பது புதிதாக நிறுவப்படவேண்டிய உண்மையன்று. 1942ஆம் ஆண்டு, போர்க்கால உணவு நெருக்கடியின் பொருட்டுக் கல்முனையில் திறக்கப்பெற்ற அவசரக் கச்சேரிக்குப் பொறுப்பதிகாரியாக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் காலத்தை ஆராய விழையும் ஒருவர் கச்சேரிக் கோப்புகளைத் தேடலாம். சங்கக் கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டலாம். குடும்பங்களின் தகரப்பெட்டிகளுள் மடித்து வைக்கப்பட்ட கடிதங்களையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால், அதே ஊர்களின் 1998 தொடக்கம் 2010 வரையான காலத்தை எழுதப் புகுபவருக்குக் கடிதம் எங்கே? மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்காலத்தில் மக்கள் எழுதாமல் இருந்ததில்லை. முன்னையிலும் மிகுதியாகவே எழுதினர். எழுதியவை யாவும் தமக்குரியனவல்லாத பெட்டிகளில், தாம் ஒருபோதும் காணாத கடல்கடந்த கணனிகளில் வைக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை இன்றில்லை. எண்பது ஆண்டுக்கு முந்திய காகிதம் எஞ்சியிருக்க, இருபது ஆண்டுக்கு முந்திய கடிதம் அழிந்துபோன இம்முரண்பாட்டின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்துடன், இலவச மின்னஞ்சலால் நேர்ந்த இடர்களுக்கு மாற்றாக எமது சூழலில் எவை கைகூடும் என்பதையும் ஓரளவு நோக்க முற்படுகின்றோம்.

கடிதத்திற்கான செலவை ஏற்பவர் யார் என்ற வினாவிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். பிரித்தானியாவில் 1840இல் அஞ்சற் சீர்திருத்தம் நிகழும் வரை கடிதத்திற்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். வறியவர் கடிதத்தை வாங்காது திருப்பியனுப்பியதும் உண்டு. சீர்திருத்தத்தின் பின் அனுப்புபவர் முன்கூட்டியே செலுத்தும் முறைமை நிலைபெற்றது. இலங்கையின் முதல் அஞ்சல் முத்திரை 1857இல் வெளிவந்தது. முத்திரை ஒட்டப்பட்ட கடிதம் தொடர்பில் மூவருடைய உரிமையும் கடமையும் தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தன. அனுப்பியவர் கூலி கொடுத்தார், அரசு சுமந்தது, பெற்றவர் வைத்துக்கொண்டார். பெற்றவரின் வீட்டினுள் புகுந்து கடிதத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும் உரிமை தபாற்கந்தோருக்கு இல்லை. இலவச மின்னஞ்சல் இம்மூவரின் உறவையும் மாற்றியமைத்தது. அனுப்புபவரும் செலுத்துவதில்லை, பெறுபவரும் செலுத்துவதில்லை, விளம்பரதாரரே செலுத்துகின்றார். கூலி கொடுப்பவனுக்கே வண்டி என்பது எவருமறிந்த நியதி.

அம்பாறைக் கரையோரத்தின் கடிதப் பழக்கம் 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளின் உழைப்புச் சந்தையோடு பிணைக்கப்பட்டதாகும். எண்ணெய் வளத்தால் திடீர்ச் செல்வமெய்திய நாடுகள் கட்டடத் தொழிலாளரையும், பின்னர் வீட்டுப் பணிப்பெண்களையும் வேண்டி நின்றன. நெசவிலும் நெல்வயலிலும் மீன்பிடியிலும் தங்கியிருந்த இவ்வூர்க் குடும்பங்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் கத்தாருக்கும் தம் பிள்ளைகளை அனுப்பின. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஸலாம் கூறித் தொடங்கி, அயல்வீட்டு மச்சி வரை சுகம் விசாரித்து முடியும் நீண்ட கடிதங்கள் அக்காலத்திற்குரியவை. எழுத்தறியாதோர் ஒலிநாடாவிற் பேசி, ஊர் திரும்பும் ஒருவர் கையிற் கொடுத்தனுப்பினர். மூத்த தலைமுறைப் பெண்களுட் சிலர் அறபுத்தமிழிலேயே எழுத வாசிக்கக் கற்றிருந்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தமிழ் மொழியை அறபு வரிவடிவில் எழுதுவதாகிய இம்மரபிற்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

இணையம் இலங்கைக்கு வந்த வழி கல்விநிலையங்களின் வழியாகும். 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உருவாகிய ‘லேர்ன்’ எனும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு தொலைபேசி இணைப்பின் ஊடாக மின்னஞ்சற் சேவையை வழங்கியது. 1995இல் வர்த்தக இணையச் சேவை கொழும்பிலே தொடங்கிற்று. கிழக்கின் நிலைமையோ வேறு. போர் நீடித்துக்கொண்டிருந்தது; தொலைபேசி இணைப்புப் பெறுவதே பெரும் பாடாயிருந்தது. ஒலுவிலில் இன்று அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும், ஊர் மக்கள் இணையத்தைக் கண்டது பல்கலைக்கழகத்தில் அன்று. வெளிநாட்டு அழைப்பெடுக்கும் ‘கொமியூனிகேசன்’ கடைகளிலேயாகும். கண்ணாடிக் கூண்டினுள் ஒரு தொலைபேசி, நிமிடத்தை எண்ணும் ஒரு கருவி, பிரதியெடுக்கும் பொறி, சுவரில் ஒரு கடிகாரம். அதன் மூலையில் ஒரு கணனியும் வந்து சேர்ந்தது. நிமிடக் கணக்கில் அழைப்புக்குச் செலுத்திய தாய்க்கு, மின்னஞ்சல் இலவசம் என்ற செய்தி எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. இலவச மின்னஞ்சலை விமர்சிக்கும் எவரும் முதலில் இந்நன்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இனி, அவ்விலவசத்தின் பொருளாதாரத்தை நோக்குவோம். 1996 யூலை 4ஆம் நாள் அமெரிக்காவில் ஹொட்மெயில் தொடங்கப்பெற்றது. அதன் நிறுவனர் இருவருள் ஒருவரான சபீர் பாட்டியா பெங்களூரில் வளர்ந்தவர்; மற்றவர் ஜக் ஸ்மித். அதுவரை மின்னஞ்சல் என்பது தொழிலகமோ பல்கலைக்கழகமோ இணையக் கட்டணம் அறவிடும் நிறுவனமோ வழங்கியதொன்று. வேலை மாறினால் முகவரியும் மாறும். எந்தக் கணனியிலிருந்தும் இணைய உலாவியினூடு திறக்கக்கூடிய பெட்டி என்பதே ஹொட்மெயிலின் புதுமை. தமக்கெனக் கணனியில்லாத, கடைக்குக் கடை மாறித் திரியும் மூன்றாமுலகப் பாவனையாளனுக்கு அது ஏற்றதாயிற்று. அந்நிறுவனம் பரவிய முறை நோக்கத்தக்கது. ஒவ்வொருவர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், நீங்களும் இலவசப் பெட்டி பெறலாம் என்ற விளம்பர வரி தானாகவே சேர்க்கப்பட்டது. எழுதுபவர் கூலியற்ற விற்பனை முகவராயினார். ஒன்றரை ஆண்டினுள், 1997 டிசம்பரில், மைக்ரோசொப்ட் அதனை ஏறத்தாழ 40 கோடி டொலருக்கு வாங்கிற்று. வாங்கப்பட்டது யாது? கணனிகளும் நிரலும் அதன் சிறுபகுதியே. கோடிக்கு அண்மித்த மனிதரின் முகவரிகளும், அவற்றைக் கைவிட்டால் உறவினரைத் தொலைக்க நேரும் என்ற அவர்களது அச்சமுமே பெரும்பகுதியாகும். றியாத்திலிருந்து மகள் உம்மாவுக்கு எழுதிய கடிதமும் அம்முதலின் ஓர் அணுவாகவே கணக்கிடப்பட்டது.

இப்பெட்டிகளின் இடர்கள் எமது கரையோரத்தில் மும்முனையில் உணரப்பட்டன. இடவசதி அவற்றுள் வெளிப்படையானது. ஹொட்மெயில் நீண்டகாலம் 2 மெகாபைற் அளவே வழங்கிற்று. யாகூ 4 அல்லது 6. பெருநாளுடுப்பில் பேரப்பிள்ளைகளை நிறுத்தி எடுத்த படங்கள் நான்கைந்து வந்தால் பெட்டி நிரம்பிவிடும். அடுத்து வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். குறித்த தவணையுள் பெட்டியைத் திறவாவிடின் உள்ளிருந்த யாவும் அழிக்கப்படும் என்ற விதி அதனினும் கொடியது. 2000களின் முற்பகுதியில் ஹொட்மெயிலில் இத்தவணை 30 நாட்களாயிருந்தது. ஊரடங்கும் வீதித்தடையும் மின்வெட்டும் இயல்பாயிருந்த ஒரு பிரதேசத்தில் 30 நாள் என்பது எத்துணைக் குறுகியது! தபாற்கந்தோரிலே பெறாத கடிதத்தை ஊர்த் தபாற்காரர் மறுநாளும் கொண்டுவருவார், அயல்வீட்டிலும் விசாரிப்பார். இயந்திர விதிக்கு அயல் என்பதொன்றில்லை.

கடவுச்சொல் பற்றிய இடர் சமூகவியல் சார்ந்தது. பெட்டியை அமைத்துக் கொடுத்தவர் பெரும்பாலும் கடைக்காரப் பொடியனே. பதிவுப் படிவம் ஆங்கிலத்திலிருந்தது. பிறந்த திகதியையும் ‘இரகசிய வினாவின்’ விடையையும் அவரே இட்டு நிரப்பினார். கடவுச்சொல்லும் அவருக்கே தெரியும். நம்பிக்கைத் துரோகம் பரவலாக நிகழ்ந்தது என நாம் கூறவில்லை. முன்னர் மனு எழுதுபவரிடமும் கடிதம் வாசித்துக் காட்டுபவரிடமும் குடும்ப இரகசியங்கள் இருந்தன, அவை பெரும்பாலும் காக்கப்பட்டன. ஆயின் கடை மூடப்பட்ட பின்னோ, அவ்விளைஞரே கத்தாருக்குப் பயணமான பின்னோ பெட்டியைத் திறக்க வழியில்லாது போயிற்று. மறந்த கடவுச்சொல்லை மீட்கக் கேட்கப்படும் வினாக்களுக்கு உரியவர் விடையறியார். முறையிடுவதற்கு ஓர் அலுவலகமோ ஒரு மனித முகமோ இல்லை. பணம் செலுத்தாதவன் வாடிக்கையாளனல்லன். ஆதலால் அவனது முறைப்பாட்டைக் கேட்கும் கடமையும் எவருக்குமில்லை.

மூன்றாவதாக நாம் கொள்வது எழுத்துருச் சிக்கல். இலங்கையிலே பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை இருத்தியதாகும். அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் திறக்கப்பட்ட கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஒவ்வொரு நாட்டுத் தமிழரும் ஒவ்வொரு குறியீட்டைப் பயன்படுத்தினர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு தரப்படுத்தலை முன்னெடுத்தது. ஒருங்குறி 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழை உள்ளடக்கியிருந்ததாயினும், சாதாரணக் கடைக் கணனிகளில் அது செயற்படப் பல்லாண்டு சென்றது. இலவசச் சேவைகளோ தமிழ் வாசகனைக் கருத்திற்கொள்ள நீண்டகாலம் எடுத்தன. விளம்பரம் விற்கமுடியாத மொழிக்கு அங்கு மதிப்பேது? விளைவாக, மக்கள் தமிழை ரோம எழுத்திலே எழுதினர். முன்னோர் அறபு வரிவடிவிலே தமிழெழுதிய இக்கரையோரத்தினர்க்கு, மொழி ஒன்றும் எழுத்து இன்னொன்றுமாதல் புதுமையன்று. எனினும் வேறுபாடொன்றுண்டு. அறபுத்தமிழ், தமிழொலிகளுக்கென மேலதிகக் குறிகளை வகுத்துக்கொண்ட, தலைமுறைகளாகப் போதிக்கப்பட்ட ஒழுங்கான முறைமை. அது ஒரு சமூகத்தின் ஆக்கம். ரோமத் தமிழோ இயந்திரத்தின் குறைபாட்டிற்குப் பணிந்த தற்காலிக ஏற்பாடு. ளகர, ழகர, லகர வேறுபாட்டையும் அது பேணவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாளைய ஆழிப்பேரலை இலங்கையில் அம்பாறை மாவட்டத்திலேயே மிகக் கூடிய உயிர்களைக் காவுகொண்டது. இறந்தோர் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கடலோர வீடுகளை இழந்தன. வீடுகளோடு தகரப்பெட்டிகளும் போயின. காணியுறுதிகளும் திருமணப் பதிவுகளும் மூன்று தலைமுறைக் கடிதங்களும் போயின. அதன்பின் எழுந்த பெருந்தொகையான கடிதப் போக்குவரத்து – காணாமற்போனோரைத் தேடுவது, நிவாரணப் பட்டியல்கள், புலம்பெயர்ந்தோரின் விசாரிப்புகள் – பெரிதும் மின்னஞ்சலிலேயே நிகழ்ந்தது. கடலால் அழியாத இடத்தில் இருக்கின்றன என்று அப்போது ஆறுதலுற்றோம். எமது சங்கத்தின் உறுப்பினர் சிலர் பேணிய அத்தகைய பெட்டியொன்று, ஓர் இலவசச் சேவையில் இருந்தது. கடவுச்சொல்லை வைத்திருந்தவர் வெளிநாடு சென்றார். பெட்டி திறக்கப்படாது கிடந்தது. பின்னர் நாம் முயன்றபோது அம்முகவரி இல்லை என்ற ஒரு வரியே பதிலாகக் கிடைத்தது. பலமுறை ஆங்கிலப் படிவங்களை நிரப்பியும் பயனில்லை. கடல் கொண்டதைப் போலவே அதுவும் போயிற்று. ஒரு வேறுபாடு, இதற்கு எவரும் அழவில்லை, நெடுங்காலம் எவரும் அறியவுமில்லை.

அதே 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் கூகுள் நிறுவனம் 1 கிகாபைற் இடவசதியுடன் ஜீமெயிலை அறிவித்தது. முட்டாள்கள் தினப் பகிடி எனப் பலர் கருதினர். போட்டியின் விளைவாக ஏனையோரும் இடத்தை விரித்தனர். இதிலிருந்து ஓருண்மை புலனாகின்றது. 2 மெகாபைற் என்ற ஒடுக்கம் தொழினுட்பத்தின் இயல்பான எல்லையாக மாத்திரம் இருந்திருப்பின், சில மாதங்களில் பன்மடங்காக அது விரிந்திருக்க முடியாது. யாகூ 2002 ஏப்ரலில், கடிதங்களைத் தம் கணனிக்கு இறக்கிக்கொள்ளும் வசதியை இலவசப் பாவனையாளரிடமிருந்து பறித்துக் கட்டணத்திற்குரியதாக்கியமையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. ஜீமெயில் அவ்வசதியை இலவசமாகவே அளித்ததென்பதை நேர்மையுடன் குறிப்பிடல் வேண்டும். ஆனால் அது கடிதத்தின் சொற்களை இயந்திரத்தால் வாசித்து அவற்றிற்கேற்ற விளம்பரத்தை அருகில் இட்டது. விளம்பரத்தின் பொருட்டான இவ்வாசிப்பைக் கைவிடுவதாக 2017இலேயே அறிவித்தது. யாகூவில் 2013இல் நிகழ்ந்த களவு அதன் 300 கோடிக் கணக்குகளையும் பாதித்ததென்று 2017இல் வெளியாயிற்று. இரண்டாண்டு பயன்படுத்தப்படாத கணக்குகளைக் கூகுளும் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது. தவணை 30 நாளிலிருந்து ஈராண்டாக நீண்டதேயன்றி, விதி மாறவில்லை.

இன்று உறவினர் கடிதம் வட்ஸ்அப்புக்குச் சென்றுவிட்டமையால் இவ்வாராய்ச்சி காலங்கடந்ததென ஒருவர் கூறலாம். இரு மறுப்புகள் உள. 2018 பெப்ரவரி 26ஆம் நாள் அம்பாறை நகரில், உணவிலே மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய் வதந்தியின் பேரில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது; அடுத்த வாரம் கண்டியில் வன்செயல் நிகழ, அரசு முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைத் தடைசெய்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், சாய்ந்தமருதில் ஏப்ரல் 26இல் நிகழ்ந்த வெடிப்பின் நாட்களிலும் அத்தடை மீண்டும் நிலவிற்று. கரையோர ஊர்கள் சோதனைக்குள்ளாகியிருந்த வேளையில், வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளுக்கு வீட்டார் நலமாயுள்ளனர் எனத் தெரிவிக்கும் வழியொன்று ஒரே கட்டளையால் அடைபட்டது. ஒரு நிறுவனத்தின் மூடிய மேடையை அடைப்பது எளிது. மின்னஞ்சல் அத்தகையதன்று, எவரும் எவ்வழங்கியிலிருந்தும் எவ்வழங்கிக்கும் அனுப்பக்கூடிய பொது நெறிமுறை அதற்கு 1982 முதல் உண்டு. மற்றைய மறுப்பு: மின்னஞ்சல் முகவரி இன்று கடிதத்திற்கானது மட்டுமன்று, அது இரண்டாவது அடையாள அட்டை. திணைக்கள விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பல்கலைக்கழக அனுமதி யாவும் அதிலே தொங்குகின்றன. பெட்டியை இழப்பவர் இன்று கடிதங்களை மாத்திரம் இழப்பதில்லை.

ஆயின் மாற்றுவழி யாது? அரசே மக்களுக்கும் தனக்கும் அஞ்சற்பெட்டி வழங்கட்டும் என்பது முற்போக்காளர் மனத்தில் இயல்பாக எழும் விடை. எமக்கும் அவ்விருப்பம் இருந்தது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகிற்கணனியின் மின்னஞ்சல் வழங்கி கப்பம் கோரும் நிரலினால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5000 அரச முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கவியலாது அழிந்தன. அக்காலத்துக்குரிய மாற்றுப்பிரதி இல்லை. பயன்படுத்தப்பட்ட மென்பொருள் பத்தாண்டுப் பழமையானது. பொது உடைமை என்பதனாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது, பராமரிப்பிற்குப் பணமும் ஆளணியும் பொறுப்புக்கூறலும் ஒதுக்கப்படல் வேண்டும் என்பதை இதனினும் கடுமையாக எவரும் கற்பித்திருக்க முடியாது. அரச அலுவலர் சிலர் இன்னும் தனியார் இலவச முகவரிகளிலேயே அலுவற் கடிதம் எழுதுவதை எளிதிற் குறைகூற இச்சம்பவத்தின் பின் எமக்கு மனம் வரவில்லை.

கட்டணம் பெற்று விளம்பரமின்றி இயங்கும் சேவைகள் இரண்டாவது வழி. 2014இல் சுவிற்சர்லாந்தில் தோன்றிய புரோட்டன், கடிதங்களைத் தானும் வாசிக்கவியலாதவாறு மறையாக்கம் செய்து வைக்கின்றது; சிறியதோர் இலவசப் பெட்டியும் தருகின்றது. எனினும் 2021இல் சுவிஸ் சட்ட ஆணைக்குட்பட்டு ஒரு பிரெஞ்சுச் சூழலியற் செயற்பாட்டாளரின் இணைய இலக்கத்தை அது வழங்க நேர்ந்தது. சட்டத்திற்கு அப்பாற்பட்ட பெட்டி எங்குமில்லை. எமக்குரிய பெருந்தடை வேறு. 2022 நெருக்கடியில் 200 ரூபாவாயிருந்த டொலர் சில வாரங்களில் 360ஐ எட்டியது. டொலரில் மாதாந்தம் அறவிடப்படும் சிறு தொகை கூட ஓர் ஆசிரியருக்கோ நெசவாளருக்கோ சிறியதாக இருக்கவில்லை.

தமக்கெனத் தாமே ஒரு வழங்கியை நடத்துவது மூன்றாவது. கொள்கையளவில் இதுவே தூயது. நடைமுறையில் இதுவே கடினமானது. பெருநிறுவனங்களின் வழங்கிகள் அறிமுகமற்ற சிறு வழங்கிகளின் கடிதங்களைக் குப்பையென ஒதுக்குகின்றன. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் பெருந்தொகையாக அனுப்புவோர்க்கு அடையாள உறுதிப்பாட்டை மேலும் இறுக்கியுள்ளன. மோசடிக் கடிதங்களைத் தடுக்க அது வேண்டியதே. ஆயினும் பொதுவீதியின் வாயிலில் தனியார் காவலர் நிற்கின்றனர் என்பதும் உண்மையே.

எமது கணிப்பில், கைகூடும் வழி இவற்றுக்கிடையே உள்ளது. பெட்டியையும் முகவரியையும் பிரித்து நோக்கல் வேண்டும். ஒரு சங்கமோ பாடசாலையோ பள்ளிவாசல் நிருவாக சபையோ தனக்கென ஓர் இணையப் பெயரைப் பதிவுசெய்து, முகவரியை அப்பெயரிலே கொள்ளுமாயின், சுமப்பவர் யாராயினும் ஆகட்டும். சுமப்பவரை மாற்றினாலும் முகவரி மாறாது. 2010 முதல் ‘.இலங்கை’ எனத் தமிழிலேயே பெயர் பதியும் வாய்ப்பும் உண்டு. அது மின்னஞ்சல் முகவரியாக எல்லா வழங்கிகளாலும் இன்னும் ஏற்கப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது. கடிதங்களின் பிரதியைத் தம் கணனிக்கு இறக்கி வைத்தல் அடுத்த தேவை. 2004இல் முதற் பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்ட் போன்ற கட்டணமற்ற மென்பொருள்கள் இதற்குப் போதும். கரையோரத்தின் வெப்பமும் உப்புக்காற்றும் கணனிக்கு நல்லனவல்லவாதலால் இரண்டாம் பிரதி ஒன்று வேறூரில் இருத்தல் நலம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் பணி, தன்னார்வலர் முயற்சியாற் காப்பகம் ஒன்று நிலைபெற முடியும் என்பதற்குச் சான்று. அச்சு நூலுக்குச் செய்ததைக் கடிதத்திற்கும் செய்ய, எழுதியவரின் இசைவும் அந்தரங்கக் காப்பும் பற்றிய விதிகளை முதலில் வகுத்தாக வேண்டும். இதில் ஒலுவிலும் பேராதனையும் கூடிச் செயற்பட இடமுண்டு.

எமது சங்கம் இழந்த பெட்டியிலிருந்த கடிதங்களுட் சில அண்மையில் எதிர்பாராத வகையிற் கிடைத்தன. மருதமுனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், திரையிலே வாசிக்கக் கண் ஒத்துழையாமையால், தமக்கு வந்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் கடையிலே காசு கொடுத்து அச்சிடுவித்துத் துளையிட்டுக் கட்டி வைத்திருந்தார். நாற்பத்தொரு தாள்கள்; பெரும்பாலும் ரோமத் தமிழ்; 2005 சனவரிக்கும் செப்டெம்பருக்கும் இடைப்பட்டவை. ஒவ்வொரு தாளின் அடியிலும் இலவசப் பெட்டிக்கான விளம்பர வரியும் அச்சாகியுள்ளது. அவற்றைத் தமிழெழுத்திற்கு மாற்றும் பணி தொடங்கியிருக்கின்றது. ளகர, ழகர ஐயம் எழும் இடங்களில் ஊர்ப் பேச்சறிந்த முதியோரின் துணையை நாடுகின்றோம்.